அலுமாரிக்குள் என் அடையாள அட்டை

மலையகத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த நான் கொழும்பு வெள்ளவத்தைக்கு வீட்டு வேலைக்கு வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. யாழ்ப்பாணத்து வங்கி அதிகாரி ஒருவரின் வீடு. எனக்கென்று ஒரு தனிக் கோப்பை, அதுவும் தரையில்தான் இருக்கும். வந்த அன்றே வீட்டுக்கார அம்மா என் அடையாள அட்டையை வாங்கித் தன் அலுமாரியில் பூட்டிவிட்டார்.

யுத்த காலம் அது. தமிழர் வீடுகளில் தங்கியிருக்கும் அத்தனை பேரையும் பொலிசில் பதிய வேண்டும். பதிவும் அட்டையும் இல்லாதவரைப் புலி என்று சந்தேகித்துப் பிடித்துக்கொண்டு போவார்கள். அம்மா தன் குடும்பத்தை மட்டும் பதிந்திருந்தார். இரண்டு வருடம் கழித்து ஒரு காலை பொலிசார் சோதனைக்கு வந்து, நான் யார் என்று கேட்டார்கள். வீடு கூட்ட இன்றுதான் வந்தவள், தனக்குத் தெரியாது என்று அம்மா சிங்களத்தில் சொன்னார். அவர் கணவர், வங்கி ஐயா, குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார்.

எனக்குச் சிங்களம் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. நான் பொலிஸ்காரரிடம் சிங்களத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அலுமாரியைத் திறக்க வைத்தார்கள். அட்டை என் கைக்கு வந்தது. ஐயாவை விசாரணைக்கு அழைத்துப் போனார்கள்.

“சோறு போட்ட வீட்டைக் காட்டிக் குடுத்திட்டியேடி!” என்று அம்மா கத்தினார்.

“மொதல்ல என்னய காட்டிக் கொடுத்தது நீங்கதாங்க” என்றேன்.

அன்றே வத்தளைக்குப் பஸ் ஏறினேன். எங்கள் தோட்டத்துப் பெண்கள் சிலர் அங்கே ஒரு தையல் தொழிற்சாலையில் இருந்தார்கள். ஐயா மாலையே வீடு திரும்பிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். எனக்கு அது சந்தோஷமாக இல்லை.