பாலக்கரை பாயின் கினிப் பன்றிகள்

பாலக்கரையில் டிரங்குப் பெட்டி விற்ற பாய், கடையிலேயே இரண்டு கினிப் பன்றிகள் வளர்த்தார். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு ரயில்வே துரை கொடுத்துவிட்டுப் போனவை. வாலில்லாத பெரிய எலி போலிருக்கும். இரண்டும் ஆண்.

மருதாணியில் சிவந்த தாடியை நீவியபடியே பாய் விலை சொல்வார். கண் மட்டும் அந்தப் பிராணிகள் மேல் இருக்கும். நான் பெட்டி வாங்கப் போன அன்று ஒன்று உறுமிக்கொண்டு மற்றதைச் சுற்றி வந்தது.

"பிரிச்சு விடுங்க பாய், கடிச்சுக்கப் போவுது."

"யாரு பெரியவன்னு பார்த்துக்குதுங்க. ரத்தம் வராத வரைக்கும் நாம கை வைக்கக் கூடாது. தட்டு ரெண்டு, ஒளிய இடம் ரெண்டு வச்சிருக்கேன்ல!"

பிறகொரு நாள் பூட்டை மாற்றப் போனபோது, நடுவில் கம்பி வலை அடித்திருந்தார்.

"காதைக் கடிச்சு ரத்தம் வந்துடுச்சு. இனிமே ஒண்ணா விட முடியாதுங்க."

"அப்ப ஒண்ணை யாருக்காவது குடுத்துடலாமே?"

"அது எப்படிங்க? பக்கத்துல வாசனை இல்லேன்னா ரெண்டும் புல்லைத் தொடாது."

இரண்டும் வலையின் இரு பக்கமும் முதுகை ஒட்டிப் படுத்திருந்தன.

பாய்க்குப் பின்னாலிருந்த பலகைத் தடுப்புக்கு அப்பால் அவர் தம்பியின் கடை. பாகம் பிரிந்ததிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை என்பது கடைத்தெரு முழுக்கத் தெரியும். பாய் இரண்டு கிளாஸில் டீ ஊற்றினார். ஒன்றைப் பலகை இடுக்கில் வைத்தார். மறுபக்கமிருந்து ஒரு கை அதை எடுத்துக்கொண்டது.

நான் கிளம்பும்போது காலி கிளாஸ் திரும்பி வந்தது. அதற்குள் கொஞ்சம் அறுகம்புல். பாய் அதைச் சரிபாதியாகப் பிரித்து வலையின் இரண்டு பக்கமும் போட்டார்.