எஃப்.சி. வாங்கிய கார்

என் கணவர் வாடகைக்கு ஓட்டிய பழைய காரில், திடீரென்று பிரேக் அடித்தாலும் சக்கரம் இறுகாமல் காக்கும் ஏ.பி.எஸ். பழுதானது. அதன் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று கிடைக்காது. மெக்கானிக் ஏ.பி.எஸ்.ஸைக் கழற்றிவிட்டு, பிரேக் குழாய்களை நேராக இணைத்து, விளக்கின் பல்பையும் பிடுங்கினார்.

“மழையில வழுக்காதாண்ணே?” என்றேன்.

“பிரேக்கு சோக்கா கீதும்மா. சும்மா பேஜார் பண்ணாத.”

வாகன ஆய்வாளர் காய்ந்த தரையில் பிரேக்கைச் சோதித்துக் கையெழுத்திட்டார். நான்தான் வீணாகப் பயந்தேனோ என்று தோன்றியது.

மழைக்காலத்தில் எண்ணூர் சாலையில், முன்னால் போன கன்டெய்னர் லாரி சட்டென்று நின்றது. கணவர் பிரேக்கை மிதித்தும் கார் வழுக்கிக்கொண்டே போய், லாரியின் பின்கம்பியை ஒட்டி நின்றது. என் மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

“அதான் நின்னுச்சே,” என்றார்.

அதன்பின் மழை பெய்தால் குழந்தையைப் பஸ்ஸில் கூட்டிப்போனேன். அவரை எதில் அனுப்புவது?