பாதி மயில்

சுதாவின் புதுக் கடைப் பையில் என் பாதி மயில் அச்சாகியிருப்பதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடை இருக்கும் அதே இடத்தில்தான் முன்பு பிரவுசிங் சென்டர் இருந்தது. சூடான சிடியும் மார்க்கர் நெடியுமாக, ஸ்கூல் விட்டதும் சிநேகிதிகளுக்குப் பாட்டு ஏற்றிக்கொண்டு அங்கேயே கிடப்போம். அட்டைப் படம் என் வேலை. சேலை பார்டருக்கு அப்பா வரையும் கட்டம்போட்ட தாளில், சுதாவின் சிடிக்கு அவரைப் போலவே பாதி மயில் வரைந்தேன். மறுபாதியைத் தறியே திருப்பிப் போட்டுவிடும் என்பதால் எங்கள் வீட்டில் அதுதான் முழுப் படம்.

"மீதி எங்கடி? சிடிய தறியில மாட்டணுமா?" என்று சுதா எல்லார் எதிரிலும் சிரித்தாள்.

இன்றைக்கு, "செம மாடர்னா இருக்குதுன்றாங்கடி" என்கிறாள், வரைந்தவள் எதிரில் நிற்கிறேன் என்ற கூச்சமே இல்லாமல்.

பையை மேஜைமேல் விட்டெறிந்து கேட்டேன்: "மீதி எங்கடி?"