'அசாதாரணம்' என்று எழுத மறுத்தவர்

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி இருபது நிமிடத்துக்கு ஜெர்சி சிட்டியில் எங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தது. வக்கீல் அலுவலகம் ஐந்து மணிக்கு மூடிவிடும். அதற்குள் கையெழுத்துப் போட்ட கடிதம் ஃபேக்ஸில் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று அடுப்புக்கு மேலே இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் அந்த நேரம் மனதில் அப்படியே நின்றுவிட்டது.

கையெழுத்துப் போட வேண்டியவரே பேசினார். பெரிய தொலைபேசி நிறுவனமொன்றின் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு பிரிவுக்குத் தலைவர். எங்கள் ஈரோட்டுப் பக்கத்துக்காரர். என் மகள் அவரை அங்கிள் என்றுதான் கூப்பிடுவாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. பொண்ணு நல்ல பொண்ணுங்க, அதுல சந்தேகமே இல்ல. ஆனா எக்ஸ்ட்ராஆர்டினரின்னு நான் கையெழுத்துப் போட முடியுங்களா? இருபத்தஞ்சு வயசுல யாருங்க எக்ஸ்ட்ராஆர்டினரி?" என்றார்.

அடுத்த மூச்சிலேயே அவர் தாம் வாங்கிய புது வண்டியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். நானும் "நல்லதுங்க" என்று சொல்லியிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் கன்னம் சுடுகிறது.

எங்கள் நிலைமை இதுதான். என் கணவர் வங்கிக்கு மென்பொருள் எழுத எச்-1 என்ற வேலை விசாவில் வந்தவர். மகளும் நானும் அவரைச் சார்ந்தவர்களாகக் கூட வந்தோம். கிரீன் கார்டு வரிசையில் நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே அவளுக்கு இருபத்தொரு வயது முடிந்தது. அன்றிலிருந்து சட்டப்படி அவள் எங்கள் குடும்பத்தில் இல்லை. அவள் விசாவை அவள்தான் தேடிக்கொள்ள வேண்டும். மாணவர் விசாவில் படித்து முடித்தாள். பிறகு ஒரு வருடம் வேலை பார்க்க அனுமதி இருந்தது. அது பிப்ரவரியோடு முடிகிறது. வருடத்துக்கு இத்தனைதான் என்று எண்ணிக் கொடுக்கும் எச்-1 விசாக்களோ அந்த வருடம் முன்பே தீர்ந்துபோயிருந்தன. மிஞ்சியிருந்தது அசாதாரணத் திறமை உள்ளவர்களுக்குக் கொடுக்கும் ஓ-1 மட்டும். அதுவும் இல்லையென்றால் அவள் தனியாக ஊர் திரும்ப வேண்டும். ஊரில் எங்கள் வீட்டை விற்றுவிட்டுத்தான் வந்திருந்தோம்.

பேராசிரியர்கள் இருவர் அவளுக்காக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் அவள் செய்த முக்கியமான வேலையைக் கிட்டே இருந்து பார்த்த ஒருவர், "இது இவளுடையது" என்று சொன்னால்தான் எடுபடும், அந்தக் கடிதம் வராமல் விண்ணப்பத்தை அனுப்ப முடியாது என்றார் வக்கீல்.

அந்த வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் ஊருக்குப் போன் செய்தால் நாம் பேசியதே நமக்குத் திரும்பிக் கேட்கும். "சாப்பிட்டீங்களா" என்று கேட்டால் அதே கேள்வி நம் குரலிலேயே நம் காதில் வந்து விழும். அதை அழிக்கும் கணக்குத்தான் அவள் எடுத்துக்கொண்டது. கல்லூரியில் படிக்கும்போது இரண்டு கோடை விடுமுறைகளில் அங்கிளின் கூடத்தில் பயிற்சிக்குச் சேர்ந்து, வாரக் கடைசியில் அவர் வீட்டுக்கே போய் உட்கார்ந்து போட்டாள். நான் ஈரோட்டில் மேல்நிலை வகுப்புக்குக் கணக்கு எடுத்தவள். அவள் விளக்கியதில் பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியே போதும், அது யார் மூளை என்று எனக்குத் தெரிய.

அவர் அதைக் கட்டுரையாக்கி ஒரு மாநாட்டில் தம் பெயரில் வாசித்தார். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் என் மகளின் பெயர் இருந்தது. அந்தப் பொடி எழுத்துக்காக நாங்கள் கோயிலில் அர்ச்சனை செய்து, கேசரி கிண்டி அவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனோம். பெரியவரிடம் வேலை கற்றுக்கொண்டால் பெயர் பின்னால் வரும் என்று அவளுக்குச் சொன்னோம்.

இந்தக் கடிதங்களை விண்ணப்பிப்பவர்களே எழுதி எடுத்துக்கொண்டு போவதும், பெரியவர்கள் படித்துக் கையெழுத்துப் போடுவதும் வழக்கம். என் மகள் எழுதிய வரைவில் எல்லா வரியிலும் "அங்கிளின் வழிகாட்டுதலில்" என்றே இருந்தது. விசாவை உனக்குக் கேட்கிறாயா, அவருக்குக் கேட்கிறாயா என்று வக்கீல் கோபித்துக்கொண்டு அதையெல்லாம் அடித்துவிட்டார். அடித்த பிறகு மிஞ்சியது உண்மை மட்டும்தான். அதில் அவரால் கையெழுத்துப் போட முடியவில்லை.

அன்றிலிருந்து அவரை என்ன செய்யலாம் என்பதைத் தவிர எனக்கு வேறு யோசனை இல்லை. சாம்பாருக்குப் புளி கரைக்கும்போது யோசித்தேன். வேலைக்குப் போக எனக்கு விசாவில் இடமில்லை. பகல் முழுவதும் என் கையில்தான் இருந்தது. அவர் மேலதிகாரிக்கு எழுதலாமா என்று கேட்டதற்கு என் கணவர், "கம்முனு இரு. நாளைக்கு நமக்கே அவர் தேவைப்படுவாரு" என்றார். கணவரையும் கொஞ்ச நாள் வெறுத்தேன்.

அந்த ஜனவரியில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு அவர்தான் சிறப்பு விருந்தினர். குரல் திரும்பிக் கேட்பதை அழிக்கும் அந்தக் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கிடைத்ததற்காகப் பாராட்டு. உயர்நிலைப் பள்ளி ஒன்றின் அரங்கத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். நன்றியுரை சொல்ல என்னைக் கேட்டார்கள். கேட்டவர்களுக்கு விஷயம் தெரியாது. நான் உடனே சரி என்றேன்.

மகளிடம் சொல்லவில்லை. ஒரு வாரம் வார்த்தை வார்த்தையாகச் செதுக்கினேன். மரியாதை ஒரு இடத்தில்கூடக் குறையக் கூடாது, கேட்பவர்கள் நாளைக்கு அவர் முகத்தைப் பார்த்தாலே அது நினைவுக்கு வர வேண்டும். அப்படி எழுதினேன்.

குழந்தைகள் நடனம், பட்டிமன்றம், பாராட்டு எல்லாம் முடிந்தன. சங்கத் தலைவர் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். அவர் மனைவியையும் மேடைக்கு அழைத்து, ஒரு தட்டில் குங்குமம், பூ, வெற்றிலை வைத்து என் கையாலேயே கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தேன். இருவரும் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். நான் ஒலிபெருக்கியின் முன் போய் நின்றேன்.

அரங்கத்தைப் பார்த்தால் முக்கால்வாசிப் பேர் எழுந்து நின்றிருந்தார்கள். பின்பக்கக் கதவைத் திறந்து சாப்பாட்டு மேசைகளின் மேலிருந்த அலுமினியத் தாளைப் பிரித்துவிட்டார்கள். வெண்பொங்கல் மணம் மேடை வரைக்கும் வந்தது. நன்றியுரையை யாரும் உட்கார்ந்து கேட்பதில்லை என்பது சங்கத்தில் ஆறு வருடம் இருந்த எனக்குத் தெரியாதா? நானே எத்தனை நன்றியுரைகளின் நடுவே தட்டோடு வரிசையில் நின்றிருக்கிறேன். வெறியில் அதை மறந்துவிட்டேன்.

ஆனாலும் பேசினேன். சமையல் குழுவுக்கு, ஒலி ஒளி அமைத்தவருக்கு, பள்ளிக் காவலருக்கு நன்றி சொன்னேன். பிறகு அவர் பக்கம் திரும்பி, "ஐயா அவர்கள் இன்று பாராட்டுப் பெற்ற கணக்கை, ஐயா அவர்களின் வீட்டு மேசையில் உட்கார்ந்து முதன்முதலில் போட்டுக் கொடுத்த என் மகளுக்கும் நன்றி. அவள் பிப்ரவரியில் இந்த நாட்டை விட்டுப் போகிறாள். அதை அவள் போட்டாள் என்று சொல்ல ஐயா அவர்களுக்கு மனம் வரவில்லை. அந்த மனதுக்கும் நன்றி" என்றேன்.

அரங்கத்தில் மிச்சமிருந்த இரண்டு வரிசை பழக்கத்தில் கைதட்டியது. யாரோ "சீக்கிரம் முடிங்க, சாம்பார் ஆறுது" என்று குரல் கொடுத்தார். முழுக்கக் கேட்டவர்கள் எழுந்து போக முடியாமல் மேடையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் மட்டும்தான். அவர் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு சிரித்த முகமாகவே இருந்தார். அவர் மனைவி தட்டை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

மகளும் சாப்பாட்டு வரிசையில் நின்றதால் எதையும் கேட்கவில்லை; வீடு திரும்பும் வழியில் காரில் அவளிடம் நானே சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். "எதுக்கும்மா இப்படி? இது சின்ன ஃபீல்டும்மா. எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். கெஞ்சியாவது கேட்டிருப்பேன். இனிமே யார்கிட்ட போய் நிக்கறது?" என்றாள். அடுத்த நாள் அவள் அட்டைப்பெட்டிகள் வாங்கி வந்து புத்தகங்களை அடுக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு பெட்டிக்கும் அவள் டேப் ஒட்டும் சத்தம் கேட்டபோது, நான் சொன்னது போதாது என்றுதான் எனக்குத் தோன்றியது. உரக்கச் சொல்லியிருக்க வேண்டும், ஆங்கிலத்தில் சொல்லியிருக்க வேண்டும், சாப்பாட்டுக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும். இன்றைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அந்த மனிதர்மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆற வேண்டும் என்ற விருப்பமும் இல்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பனி கொட்டியிருந்தது. அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் அவர் மனைவி, தனியாக, முழங்கால் வரை நனைந்து நின்றார். பூட்ஸைக் கழற்றிவிட்டு நேராக வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். மகளும் பெட்டியை விட்டு எழுந்து வந்தாள்.

அவர் ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கிறார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். என்ன பாடம் என்று ஒருவரும் கேட்டதில்லை. அவரிடம் நாங்கள் கேட்டதெல்லாம் அரிசிம்பருப்பு சாதத்துக்கு என்ன பக்குவம் என்பதுதான். அவரே சொன்னார்.

"நான் இதே சப்ஜெக்ட்லதானுங்க பிஎச்டி. அவருக்கு முன்னாடியே முடிச்சவ. உங்க பொண்ணு எங்க டைனிங் டேபிள்ல போட்டதை ஒவ்வொரு தாளா நான் பார்த்திருக்கேன். எது அவ போட்டது, எது அவர் போட்டதுன்னு எனக்குத் தெரியும். வக்கீலுக்கு எப்படி வேணும்னு சொல்லுங்க. நான் எழுதறேன். டிராஃப்ட் எல்லாம் வேண்டாம், நானே எழுதிக்கறேன்."

மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நீங்கள் இங்கே வந்திருப்பது அவருக்குத் தெரியுமா என்று கேட்டேன். வேண்டுமென்றேதான் கேட்டேன்.

"தெரியுமுங்க. காரை எடுக்கறதுக்காக வீட்டு முன்னாடி டிரைவ்வேல பனி தள்ளிட்டிருந்தாரு. எங்க கிளம்பிட்டேன்னு கேட்டாரு, சொன்னேன். பாதியில மண்வெட்டியைப் போட்டுட்டு உள்ள போயிட்டாரு. மீதியை நானே தள்ளிட்டு வந்தேன்."