ஆட்டுக் கணக்கில் எழுதாத செலவு

என் வீட்டுக்காரர் பல வருடம் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை பார்த்தார். திருச்செங்கோட்டில் வண்டி ஏறினால் வடக்கே எங்கெங்கோ போர் போட்டுவிட்டு மாதக்கணக்கில் கழித்துத்தான் திரும்புவார். கடைசியாக வந்தபோது கூடவே ஓர் இருமலும் வந்தது. சேலத்தில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், நுரையீரலில் கல்தூசி படிந்திருக்கிறது, மறுபடி அந்த வேலைக்குப் போனால் ஆள் தங்கமாட்டார் என்று எங்களிடம் சொன்னார். வீட்டோடு இருந்து பிழைக்க ஒரு வழி வேண்டும். ஆடு வளர்ப்பது என்று முடிவு செய்தோம்.

நாமக்கல்லில் ஆட்டுப்பண்ணைப் பயிற்சிக்கு இருவரும் போனோம். பாடம் எடுத்த கால்நடை டாக்டரம்மா வரவு செலவு போடக் கற்றுக்கொடுத்தார். ஆடு வாங்க, தரையிலிருந்து உயர்த்திப் பரண் கொட்டகை போட, சோளத்தட்டு, பிண்ணாக்கு, ஊசி மருந்து. கடைசியாக, "சாகிற ஆட்டுக்கும் ஒரு வரி எழுதுங்க. அது இல்லாத கணக்கு கணக்கே இல்லை" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் இவர் புதுத் தாளில் பிள்ளையார் சுழி போட்டு, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி எழுத உட்கார்ந்தார். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்தவர், சாவு என்றதும் பேனாவை மூடினார்.

"ஏம்புள்ள, மஞ்ச தடவுன தாள்ல அதை எழுதுவாங்களா?"

"டாக்டரம்மா எழுதச் சொன்னாங்கல்லங்க."

"அவங்க ஊட்டு ஆடா சாவப்போவுது?"

எரிச்சலாக இருந்தது. கால் கிலோ தக்காளிக்குத் தராசு முள்ளையே முறைத்துப் பார்க்கிற மனுஷன் இவர். ஆனால் எழுதினால் வந்துவிடுமோ என்ற பயம் எனக்கும் இருந்தது, அதனால் வாயை மூடிக்கொண்டேன். அந்த வரி போனதும், மழைக்கு முன்னால் போடவேண்டிய தடுப்பூசியையும் அடித்துவிட்டார். அரசாங்கக் கால்நடை முகாம் வரும்போது சும்மா போடுவார்களாம். இரண்டும் போன பிறகு கணக்கு அழகாக வந்தது. ஆடியில் கிடாக்குட்டிகளை விற்றால் ரிக் சம்பளத்தைத் தொட்டுவிடலாம். தாலிக்கொடியைத் தவிர இருந்த நகையெல்லாம் கொட்டகையாகவும் ஆடாகவும் மாறியது.

குட்டிகள் பிறந்த பிறகு ஒரு வியாபாரி மொபெட்டில் வந்தார். பரணைச் சுற்றி வந்து குட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"குட்டிங்க நல்லா இருக்குதுங்க. ஏதாச்சும் ஒண்ணு தலை சாஞ்சா ஒரு போன் பண்ணிப்போடுங்க சாமி. உசுரு இருக்கறப்பவே எடுத்துக்கறேன்."

இவர் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பினார். அதற்குப் பிறகு அந்த மொபெட் அடிக்கடி எங்கள் வாசல் படலுக்கு முன்னால் வேகம் குறைந்து போனது. அந்தச் சத்தம் கேட்டாலே நான் எழுந்துபோய்க் குட்டிகளை எண்ணிப் பார்ப்பேன்.

குட்டிகளோ பயப்படும்படி வளர்ந்தன. இவர் ஒவ்வொன்றின் முதுகையும் தடவிப் பார்ப்பார், தூக்கிப் பார்ப்பார். இருமல்கூடக் குறைந்திருந்தது.

வைகாசியில் கோடைமழை முந்திக்கொண்டது. முகாம் இன்னும் எங்கள் ஊருக்கு வரவில்லை. வேலியோரமெல்லாம் பச்சை முளைத்தது. ஆடுகள் குனிந்த தலை நிமிராமல் தின்றன. எனக்கு ஏனோ அது நல்லதாகப் படவில்லை. இவருக்குப் பிண்ணாக்குச் செலவு மிச்சமாகிற சந்தோஷம்.

ஒரு நாள் காலையில், இருந்ததிலேயே பெரிய கிடாக்குட்டி நின்ற இடத்தில் ஒரு துள்ளு துள்ளிக் கீழே விழுந்தது. காலை உதைத்துக்கொண்டது, அவ்வளவுதான். வாயில் புல் அப்படியே இருந்தது. போனில் கேட்ட டாக்டரம்மா, துள்ளுமாரி நோய், மழைக்கு முன்னால் போடுகிற ஊசி இதற்குத்தான் என்றார். மழைக்கு முளைத்த இளம்புல்லைத் தின்பதால் வருவது, நன்றாகத் தின்று கொழுத்ததுதான் முதலில் விழும் என்றார். உடனே எல்லாவற்றையும் கட்டிப்போட்டோம். ஆனாலும் அடுத்தடுத்து விழுந்தன. எங்கள் கணக்கில் எதற்கெல்லாம் அதிக விலை போட்டிருந்தோமோ, அதெல்லாம் முதலில் போனது.

மொபெட் வந்து நின்றது. கூப்பிடாமலே வியாபாரி வந்திருந்தார். விழுந்ததில் ஒரு குட்டிக்கு இன்னும் உயிர் இருந்தது. இவர் என்னைப் பார்த்தார்.

"வேண்டாங்க. எந்த ஊட்டுப் புள்ளைங்க திங்குதோ" என்றேன்.

இவர் புதைக்கக் குழி தோண்டக் கடப்பாரையை எடுத்தார். எங்கள் நிலம் கல்லு நிலம். மழை நனைத்த மேல்மண்ணுக்குக் கீழே ஒவ்வொரு குத்துக்கும் தூசி கிளம்பியது. மூன்றாவது குழியில் இருமல் திரும்பி வந்துவிட்டது. நான் கடப்பாரையைப் பிடுங்கப் பார்த்தேன், விடவில்லை.

ரிக் முதலாளியிடமிருந்து போன் வர அதிக நாள் ஆகவில்லை. இவர் வருவதாகச் சொல்லிவிட்டார்.

"டாக்டர் சொன்னது மறந்துபோச்சுங்களா?"

"மூக்குல துணி கட்டிக்கறேன். மிச்ச ஆட்டுக்குத் தீவனம் வேணுமில்ல? போயிட்டு வாரேன்."

நான் அழுதேன். அழுதால் நிற்கிற ஆள் இல்லை அவர்.

அவர் போன அன்று மாலை நான் புதுத் தாள் எடுத்தேன். மஞ்சள் தடவவில்லை. முதல் வரியில் சாவு என்று எழுதினேன். அடுத்து தடுப்பூசி. பிறகு தட்டு, பிண்ணாக்கு. வரவில், சினையாக இருக்கிற பெட்டை ஆடுகள் போடப்போகும் குட்டிகளை எழுதினேன். அதற்குக் கீழே அவருடைய சம்பளத்தை எழுதச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

சில நாள் கழித்து எங்கிருந்தோ பேசினார். பின்னால் ரிக் இரைந்துகொண்டிருந்தது.

"சம்பளத்தைக் கணக்குல எழுதிட்டியா?"

"எழுதிட்டனுங்க."

போனைக் கையால் பொத்திக்கொண்டு இருமினார். எனக்குக் கேட்டது.

நான் எழுதவில்லை. ஆட்டுச் சாவை எழுத வந்த கை, அவர் நெஞ்சில் தூசி ஏற்றிக்கொண்டு வருகிற காசை வரவு என்று எழுத வரவில்லை. அந்த இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன். ஆள் வந்து சேரட்டும், பிறகு எழுதிக்கொள்கிறேன்.