இருவருக்கும் கிடைத்துவிட்டது

இன்று பதுளை பஸ்ஸில் பத்திரிகை படித்துக்கொண்டு வந்தேன். இலங்கை–இந்தியப் பிரஜாவுரிமை ஒப்பந்தம் இரு நாடுகளுக்கும் திருப்தியாக நிறைவேறிவருகிறதாம்.

தெமோதரையில் ஏறிய தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கடிதங்களை நீட்டினாள்.

"இங்கிலீஸ்ல இருக்கு. வாசிச்சுச் சொல்லுங்க டீச்சரம்மா."

ஒன்றில் அவளுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. மற்றதில் அவளுடைய ஒரே மகளுக்கு இந்தியப் பிரஜாவுரிமை; அது கிடைத்தவர்கள் கப்பலேறிப் போய்விட வேண்டும்.

"ஏன் ஆளுக்கொரு நாடு கேட்டீங்க?"

"ஒரே பக்கம் எழுதிப்போட்டு, ரெண்டு பேருக்குமே இல்லேன்னுட்டா? ஒருத்திக்குக் கெடைச்சாலும் மத்தவளக் கூட்டிக்கலாம்னு நெனச்சோங்க."

முன் சீட்டுக்காரர் திரும்பினார்.

"எங்க லயத்து வீடுகள்ல ஒருத்தருக்கும் ஒண்ணும் வரல அக்கா. ஒங்க வீட்டுக்கு மட்டும் ரெண்டு நாடு!"

பஸ்ஸில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"எனக்குக் குடுத்தத வேணாம்னு எழுதிக் குடுத்தா, அவளோட என்னையும் கப்பல் ஏத்துவாங்களாங்க?"

பல்கலைக்கழகத்தில் அரசியல் படித்தவள் நான். தெரியாது என்றுதான் சொல்ல முடிந்தது. அவள் கடிதங்களை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பிரஜாவுரிமையைத் திருப்பிக் கொடுக்க எந்தப் படிவம் என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள். இத்தனை வருடமும் நான் ஊராருக்கு நிரப்பிக் கொடுத்ததெல்லாம் கேட்டு வாங்குவதற்கான படிவங்கள்தான்.