நஸீமாவுக்குச் சொந்தமான இங்கிலீஷ் தொடர்

என் தங்கை மாலதி விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் பெண்களுக்கு இங்கிலீஷ் சொல்லித்தருகிறாள். "அண்ணே, நஸீமாவுக்கு சனிக்கிழம மூணு மணிக்கு வீடியோவுல இன்டர்வியூ இருக்குது. வந்து ஒரு தடவ கேள்வி கேட்டுப் பாருங்க" என்று கூப்பிட்டாள். பதினெட்டு வருடமாக இங்கிலீஷ் வாத்தியார் நான். கூப்பிட்டால் போகாமல் இருப்பேனா?

சனிக்கிழமை விழுப்புரத்தில் காலை எட்டரைக்கு ரயில். ஐம்பத்தைந்து கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஸ்டேஷனிலிருந்து பீங்கான் தொழிற்பேட்டைக்கு ஆட்டோவுக்கு நூறு ரூபாய். "செராமிக் பேட்டையா சார்? எந்த யூனிட்டு?" என்றார் டிரைவர். பெயர் தெரியாமல் மாலதிக்கு போன் போட வேண்டியதாயிற்று. நீங்கள் போனால் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நஸீமா பொம்மைகளைச் சூளையில் அடுக்குகிறவர். ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் வெளிநாட்டுக்காரர்களோடு பேசும் வேலைக்கு விண்ணப்பித்திருந்தார். கிடைத்தால் சம்பளம் இரண்டு மடங்கு. நான் என் மரபுத்தொடர்ப் பட்டியலை எடுத்து, 'இன் ஹாட் வாட்டர்' என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். திருதிருவென்று விழித்தார். அடுத்ததற்கும் அப்படியே. "அர்த்தமே தெரியல, எப்படித் தேறுவாங்க?" என்று மாலதியிடம் வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"அர்த்தம் கேக்காதீங்கண்ணே, யாரோடதுன்னு கேளுங்க" என்று வகுப்பு நோட்டை நீட்டினாள். தொடர்களுக்கு எதிரே அர்த்தம் இல்லை, பெயர்கள்தான் இருந்தன. அதற்குப் பொருத்தமாகத் தனக்கு நடந்ததைச் சொன்னவருக்கே தொடர் சொந்தமாம். 'இன் ஹாட் வாட்டர்' நஸீமாவுடையது.

"மழ நாளு சார். ஈரம் காயறதுக்குள்ள நாப்பது பொம்மைய சூளையில வச்சிட்டேன். அத்தனையும் வெடிச்சிடுச்சி. மொதலாளி வந்தாங்க. வசமா மாட்டிக்கிட்டேன்!" என்றார் நஸீமா.

இன்டர்வியூவில், வேலையில் செய்த தப்பு ஒன்றைச் சொல்லச் சொன்னார்கள். அதே கதை, தடங்கலில்லாத இங்கிலீஷில். 'ஐ வாஸ் இன் ஹாட் வாட்டர்' என்று முடித்ததும் அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். நாலரைக்கு வேலை உறுதியென்று போன் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இப்படிச் சொல்லித்தர எனக்கு ஒருநாளும் தோன்றவில்லையே, என் தங்கைக்குத் தோன்றியதே என்று அத்தனை பெருமை.

பேட்டையைப் பார்க்கப் போகிறவர்கள் வேலை நாளில் போங்கள். இங்கிலீஷ் படிக்கிறவர்கள் மாலதியின் முறையை வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

கிளம்பும் முன் அந்த நோட்டை இன்னொரு முறை புரட்டினேன். 'ஈட் யுவர் வேர்ட்ஸ்', அதாவது தான் சொன்னது தப்பென்று ஒப்புக்கொள்வது. எதிரே காலியாக இருந்தது. மாலதியிடம் பேனா வாங்கி, என் பெயரை எழுதினேன்.